புண்ணுக்கு அட்டை விடலாமா?

போன மாதம் மூட்டுவலிக் கேள்வி ஒன்றுக்குப் பதில் எழுதும்போது, அட்டைப் பூச்சியைக் கடிக்கவிட்டு ரத்தம் எடுக்கிற ‘அட்டை விடல்’ என்று போகிறபோக்கில் ஒரு வார்த்தை எழுதிவிட்டேன். அவ்வளவுதான், இந்த மாதக் கடிதக்கட்டில் பெரும்பகுதி அட்டைதான். அதிலும் ஆறாத புண், சீழ் வைத்த புண் என்று எழுதியவர்களே அதிகம். சரி, இந்தத் தடவை பக்கம் முழுவதையும் அட்டைக்கே கொடுத்துவிடலாம். தலைவலிக்காரர்களும் முடி கொட்டுகிறவர்களும் ஒரு மாதம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: என் அப்பாவுக்கு 63 வயது. ரொம்ப வருஷமாகச் சர்க்கரை. செருப்பு கடித்து வலது கால் கட்டைவிரலுக்கு அடியில் வந்த புண் இரண்டு மாதமாக ஆறவில்லை. இப்போது சீழ் வைத்து நாற்றமடிக்கிறது. ஆஸ்பத்திரியில் விரலை எடுக்க வேண்டி வரலாம் என்கிறார்கள். அட்டை விட்டால் விரல் பிழைத்துவிடும், தெரிந்தவர் ஒருவர் வீட்டுக்கே வந்து விடுவார் என்று சித்தப்பா சொல்கிறார். விடலாமா டாக்டர் அம்மா?
– ஒரு மகள், சங்கரன்கோவில்

வேண்டாம் அம்மா. அந்த அட்டைக்காரரை வீட்டுப் படி ஏற விடாதீர்கள். மீதியைப் படிக்க நேரமில்லை என்றால் இந்த வரியோடு நிறுத்திவிட்டு அப்பாவை அழைத்துக்கொண்டு கிளம்புங்கள்.

நான் அட்டைக்கு விரோதி இல்லை. பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் படித்தவள். கட்டு, பற்று, ஒற்றடம் என்று தொடங்கும் 32 வகைப் புறமருத்துவத்தில் அட்டை விடலும் ஒன்று என்று மனப்பாடம் செய்து ஒப்பித்தவள். இன்றைக்கும் என் கிளினிக்கின் பின்னறையில், வாயில் மல் துணி கட்டிய அட்டை ஜாடிகள் வரிசையாக இருக்கின்றன. விடுகிறவள் என்பதால்தான் எங்கே விடக்கூடாது என்பதில் எனக்குக் கண்டிப்பு அதிகம்.

அட்டை என்ன செய்கிறது? ஓரிடத்தில் தேங்கி நிற்கிற ரத்தத்தை உறிஞ்சி எடுக்கிறது. கடிவாயில் தன் எச்சிலையும் விட்டுப் போகிறது. அந்த எச்சிலில் இருக்கும் ஹிருடின் ரத்தத்தை உறைய விடாது. அட்டையிடம் இப்படி ஒரு சரக்கு இருக்கிறது என்று 1884-ல் ஜான் ஹேகிராஃப்ட் என்பவர் காட்டினார். 1950-களில் ஜெர்மனியில் ஃபிரிட்ஸ் மார்க்வார்ட் அதைத் தனியாகப் பிரித்தெடுத்தார். பிற்பாடு அதை வைத்து ரத்த உறைவுக்கான ஊசி மருந்துகளே வந்தன. ஹிருடின் தவிர ரத்தக்குழாயை விரிக்கிற பொருள், எச்சில் சதைக்குள் பரவ வழிசெய்கிற நொதி என்று இன்னும் பல சரக்கு அதன் எச்சிலில் உண்டு. இதனால் அட்டை விழுந்த பிறகும் மணிக்கணக்கில் ரத்தம் கசிந்துகொண்டே இருக்கும். என்னைக் கேட்டால் பாதி வைத்தியம் அந்தக் கசிவுதான்.

ஆனால் சீழ் வைத்த ஒரு காலில் இருக்கிற கிருமியைக் கொல்லும் வேலை அட்டையால் ஆகாது. ஆன்டிபயாடிக் செய்ய வேண்டிய வேலை அது. உள்ளே கட்டிய சீழுக்கு வழி விட வேண்டும், செத்த சதையை வெட்டி எடுக்க வேண்டும். அதற்குக் கத்தி பிடிக்கத் தெரிந்த கை வேண்டும்.

அட்டையே கிருமி கொண்டுவரும் என்பது இன்னொரு சங்கதி. அதன் குடலில் ஏரோமோனாஸ் என்ற பாக்டீரியா குடியிருக்கிறது. ஒரு தடவை வயிறு முட்டக் குடித்தால் அட்டை மாதக்கணக்கில் பட்டினி கிடக்கும். அத்தனை நாளும் குடித்த ரத்தம் அழுகாமல் மெல்லச் செரிக்க இந்தப் பாக்டீரியா உதவுகிறது. அதே பாக்டீரியா மனிதருடைய புண்ணுக்குள் போனால் சீழ் கட்டும், சிலருக்கு ரத்தத்திலேயே ஏறிவிடும். பெரிய மருத்துவமனைகளில் அட்டை வைக்கும்போது கூடவே ஆன்டிபயாடிக்கும் கொடுப்பது இதனால்தான். சர்க்கரை ஏறிய உடம்பு, ஏற்கனவே சீழ், அதன்மேல் வீட்டுத் திண்ணையில் வைத்து அட்டை! வேண்டவே வேண்டாம்.

இதைவிடப் பெரிய விஷயம் அப்பாவின் காலுக்கு ரத்தம் வருகிறதா என்பது. காலுக்கு ரத்தம் கொண்டுவரும் குழாய் வேறு, திருப்பி எடுத்துப் போகும் குழாய் வேறு. வந்த ரத்தம் திரும்பிப் போக முடியாமல் தேங்கினால் அங்கே அட்டைக்கு வேலை உண்டு. வரவே வராத காலில் அட்டை எதைக் குடிக்கும்? ஒவ்வொரு கடியும் ஒரு புதுப் புண். ரத்த ஓட்டமில்லாத காலில் அந்தக் கடிவாயும் ஆறாது. பழைய புண் ஒன்று, புதுப் புண் நாலு என்று ஆகிவிடும். நீண்ட நாள் சர்க்கரைக்காரர்களுக்கு இந்தக் குழாய் அடைப்பு சர்வ சாதாரணம்.

சில அடையாளங்களை வீட்டிலேயே பார்க்கலாம். இரண்டு பாதத்தையும் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் சில்லென்று இருக்கிறதா? முழங்காலுக்குக் கீழே முடி உதிர்ந்து தோல் பளபளப்பாக இருக்கிறதா? படுக்கவைத்துக் காலை ஒரு நிமிஷம் தூக்கிப் பிடித்தால் பாதம் வெளுத்து, தொங்கவிட்டால் கருஞ்சிவப்பாக மாறுகிறதா? இதில் ஏதாவது இருந்தால் குழாய் அடைப்பைச் சந்தேகப்பட வேண்டும். எதுவுமே இல்லை என்றாலும் சோதனையை விட்டுவிடக் கூடாது. டாப்ளர் என்ற, ரத்த ஓட்டம் பார்க்கும் கருவியை வைத்துக் கணுக்காலின் ரத்த அழுத்தத்தைக் கையின் அழுத்தத்தால் வகுத்துப் பார்ப்பார்கள். 0.9-க்குக் கீழே என்றால் அடைப்பு. ஆனால் சர்க்கரைக்காரர்களுக்குக் குழாயின் சுவரில் சுண்ணாம்புச் சத்து படிந்து கெட்டியாகிவிடுவதால், அடைப்பு இருந்தும் எண் நன்றாக இருப்பதாகக் காட்டுவதுண்டு. அப்போது கால்விரலின் அழுத்தத்தைத் தனியாகப் பார்க்க வேண்டியிருக்கும்.

விரலை எடுக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னால் சண்டை போடாதீர்கள். ‘ரத்த ஓட்டம் பார்த்தாயிற்றா? அடைப்பு இருந்தால் அதைத் திறக்க வழி உண்டா? ரத்தக்குழாய் நிபுணரிடம் ஒரு வார்த்தை கேட்கலாமா?’ இந்த மூன்றையும் கேளுங்கள். திறக்க முடிகிற அடைப்பைத் திறந்துவிட்டால் போகவேண்டிய விரல் தங்குவதும் உண்டு, முன்பாதம் வரை போகவேண்டியது ஒரு விரலோடு நிற்பதும் உண்டு. எடுத்தே ஆகவேண்டும் என்றால் நாள் கடத்தாதீர்கள். காய்ச்சல், புண்ணைச் சுற்றிய சிவப்பு மேலே ஏறுவது, தோல் கறுப்பது, அமுக்கினால் உள்ளே நெறுநெறுவென்று காற்று இருப்பது, அப்பா அரைமயக்கமாகப் பேசுவது – இதில் ஒன்று தெரிந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

அப்புறம், அவரை அந்தப் பாதத்தை ஊன்றி நடக்க விடாதீர்கள். உள்ளங்கால் புண் ஆறாததற்குப் பெரிய காரணம், வலி தெரியாத காலில் அவர் நடந்துகொண்டே இருப்பது. சீழ் அடங்கி, புண் சிவந்து சுத்தமான பிறகு, ரத்த ஓட்டமும் சரி என்றால், வெளிப்பூச்சுக்கு எங்களிடம் மத்தன் தைலம் இருக்கிறது. ஊமத்தை இலைச்சாறும் துருசும் (மயில்துத்தம்) தேங்காய் எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சுகிற பச்சை எண்ணெய். அதைக்கூட டிரெஸ்ஸிங் போடும் டாக்டருக்குத் தெரியாமல் ஊற்ற வேண்டாம். நீங்கள் ஊற்றியது தெரியாமல் பச்சை நிறத்தைப் பார்த்து அவர் பயந்துவிடுவார்.

கேள்வி: டீக்கடையில் மாஸ்டராக இருக்கிறேன். நாள் முழுக்க நின்றபடிதான் வேலை. இரண்டு காலிலும் நரம்பு சுருட்டிக்கொண்டிருக்கிறது. இடது கணுக்காலுக்கு மேலே உள்பக்கம் தோல் கறுத்து, அரித்து, சொறிந்த இடம் புண்ணாகிவிட்டது. ஒரு வருஷமாக ஆறுவதும் திறப்பதுமாக இருக்கிறது. எனக்குச் சர்க்கரை இல்லை. அட்டை விடலாமா?
– வாசகர், திண்டுக்கல்

உங்களுக்கு விடலாம். ஆனால் நீங்கள் நினைக்கிற வரிசையில் இல்லை.

நீங்கள் எழுதியிருப்பது வெரிகோஸ் புண்ணின் ஜாதகம். கணுக்காலுக்கு மேலே உள்பக்கம், சுற்றிலும் கறுத்த தோல், அரிப்பு எல்லாம் பொருந்துகிறது. ரத்தத்தை மேலே ஏற்றும் குழாய்களில் ஒருவழிக் கதவுகள் உண்டு. அவை பழுதானால் ரத்தம் கீழே இறங்கிக் கணுக்காலில் தேங்கும். தேங்கியதில் இருக்கும் இரும்புச் சத்து தோலில் இறங்கித்தான் அந்தக் கறுப்பு. மேலே சொன்ன மகளின் அப்பாவுக்கு ரத்தம் வருவது பிரச்சினை, உங்களுக்குப் போவது பிரச்சினை. இரண்டையும் ‘கால் புண்’ என்று ஒரே பெயரில் சொல்வதால்தான் ஒருவருக்குக் கேட்ட வைத்தியத்தை இன்னொருவர் செய்துகொள்கிறார்கள்.

முதல் வைத்தியம் அட்டை அல்ல, கட்டு. பாதத்திலிருந்து முழங்கால் வரை அழுத்தமாகச் சுற்றுகிற பேண்டேஜ். காலையில் படுக்கையை விட்டு இறங்குவதற்கு முன்பே கட்ட வேண்டும். வீங்கிய பிறகு கட்டினால் பாதிப் பலன்தான். இதற்கும் முன்னால் டாப்ளர் பார்த்தாக வேண்டும். ரத்தம் வராத காலை இறுக்கிக் கட்டினால் காலே போய்விடும். பழுதான குழாயை லேசரால் அடைத்துவிடுகிற சிகிச்சையும் இப்போது பரவலாக இருக்கிறது. ஒரு ரத்தக்குழாய் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். கட்டும் போட்டு, கடையில் ஒரு ஸ்டூல் போட்டு அவ்வப்போது உட்கார்ந்து, ராத்திரி கால்மாட்டில் தலையணை வைத்துப் படுத்தும் புண் பிடிவாதம் பிடித்தால், அப்போது அட்டை.

அதை எப்படி விடுவோம் என்று நிறையப் பேர் கேட்டிருக்கிறார்கள், இங்கேயே சொல்லிவிடுகிறேன். முதலில் ரத்தப் பரிசோதனை: ஹீமோகுளோபின், ரத்தம் உறையும் நேரம், சர்க்கரை, எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி (ஹெபடைடிஸ் பி). ஹீமோகுளோபின் 10-க்குக் கீழே இருந்தால் நான் விடுவதில்லை. விடுகிற அன்று காலையில் வெறும் வயிற்றோடு வரக்கூடாது, நன்றாகச் சாப்பிட்டுவிட்டு வர வேண்டும். காலில் சோப்பு, டெட்டால், ஸ்பிரிட், வாசனை எண்ணெய் எதுவும் இருக்கக் கூடாது. அட்டைக்கு வாசனை ஆகாது. முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும். வெறும் தண்ணீரில் கழுவித் துடைத்தால் போதும்.

ஜாடியிலிருந்து அட்டையை எடுத்து மஞ்சள் கரைத்த தண்ணீரில் கொஞ்ச நேரம் விடுவோம். நெளிந்து, வயிற்றில் இருப்பதைக் கழித்து, சுறுசுறுப்பாகும். பிறகு நல்ல தண்ணீரில் அலசி, புண்ணைச் சுற்றிலும் கறுத்துத் தடித்த தோலில் வைப்போம். புண்ணின் குழிக்குள் வைப்பதில்லை. சில அட்டை வைத்த உடனே பிடிக்கும். சில அட்டை அங்குமிங்கும் ஊர்ந்து வேடிக்கை பார்க்கும். ஊசி முனையால் தோலில் லேசாகக் குத்தி ஒரு சொட்டு ரத்தம் காட்டினால் வழிக்கு வரும். வாயைக் குதிரைக் குளம்புபோல வைத்துக் கழுத்தை உயர்த்திக்கொண்டால் பிடித்துவிட்டது என்று அறிந்துகொள் என்கிறது பழைய ஆயுர்வேத நூலான சுஸ்ருத சம்ஹிதை. அப்படியேதான் நடக்கும், இன்றைக்கும் வந்து பார்க்கலாம். கடிக்கும்போது சுருக்கென்று இருக்கும். உள்ளே மூன்று தாடைகள், ஒவ்வொன்றிலும் நூறு வரை நுண்ணிய பற்கள். அதனால்தான் அட்டை கடித்த தடம் மூன்று கோடு கூடுகிற வடிவில் இருக்கிறது.

பிடித்ததும் மேலே ஈரத்துணி போட்டுவிடுவோம். துணியை விலக்கிப் பார்த்தால் தலையிலிருந்து வால் வரைக்கும் ஓர் அசைவு ஓடிக்கொண்டே இருக்கும், ஒவ்வொரு மடக்காக விழுங்குகிறது. அரை மணியிலிருந்து ஒரு மணிக்குள் வயிறு நிரம்பித் தானே விழுந்துவிடும். பிடித்து இழுக்கக் கூடாது, தாடை தோலுக்குள்ளேயே தங்கிவிடலாம். எடுக்கத்தான் வேண்டும் என்றால் வாயருகில் கொஞ்சம் மஞ்சள் தூள், விட்டுவிடும். ஓர் அட்டை குடிப்பது 5 முதல் 15 மில்லி. அதற்குப் பிறகு கசிவதுதான் அதிகம். ஆறு மணி நேரம் சாதாரணம், சிலருக்கு மறுநாள் வரைகூட ஆகும். தடிமனாகப் பஞ்சு வைத்துக் கட்டி அனுப்புவோம். கட்டு நனைந்தால் மேலேயே இன்னொரு கட்டு போடலாம். அதையும் மீறிச் சொட்டினால் ராத்திரி எத்தனை மணியானாலும் கூப்பிடச் சொல்வோம். துணைக்கு ஆள் இல்லாமல் பஸ்ஸில் தனியாக வருகிறவர்களுக்கு அன்றைக்கு விடுவதே இல்லை.

இவ்வளவும் செய்தாலும் பழுதான கதவை அட்டை ரிப்பேர் செய்யாது. தேக்கம் குறைந்து, வீக்கமும் அரிப்பும் தணிந்து, புண் ஆறுவதற்கு ஒரு வாய்ப்பு கிடைக்கும். கட்டை விட்டுவிட்டு மறுபடியும் பன்னிரண்டு மணி நேரம் பாய்லர் முன்னால் நின்றால் அடுத்த வருஷம் அதே இடம் திறக்கும். வெரிகோஸ் புண்ணுக்கு அட்டை என்பதற்குப் பெரிய அளவிலான ஆய்வுகள் கிடையாது என்பதையும் என்னிடம் வருகிறவர்களிடம் சொல்லிவிட்டுத்தான் தொடங்குவேன்.

கேள்வி: எங்கள் ஊர்க் குளத்தில் அட்டைக்குப் பஞ்சமே இல்லை. மாடு குளிப்பாட்ட இறங்கினால் காலில் நாலைந்து ஒட்டிக்கொள்ளும். செல்போனில் வீடியோ பார்த்து நானே விட்டுக்கொள்ளலாம் என்று இருக்கிறேன். என்ன சொல்கிறீர்கள்?
– வாசகர், ஒரத்தநாடு

குளத்து அட்டை நேராக ஜாடிக்கு வருவதில்லை ஐயா. சுஸ்ருதர் அட்டையைப் பன்னிரண்டாகப் பிரித்து ஆறு நஞ்சுள்ளது, ஆறு நஞ்சில்லாதது என்றார். செத்த மீனும் தவளையும் அழுகுகிற தண்ணீரில் வருவது ஆகாது, தாமரையும் ஆம்பலும் பூக்கிற தெளிந்த தண்ணீரில் வருவதுதான் ஆகும் என்றார். கிருமி என்ற ஒன்றைக் கண்ணால் பார்க்காத காலத்தில் சொன்னது. இன்றைக்கும் அதைத் திருத்த வேண்டிய அவசியம் இல்லை. உங்கள் குளத்தில் மாடு குளிக்கிறது, ஊர்ச் சாக்கடை வேறு எங்கே போய்ச் சேர்கிறது என்று ஒரு நடை போய்ப் பாருங்கள்.

பிடித்து வந்ததை வாரக்கணக்கில் பட்டினி போட்டு, தண்ணீர் மாற்றி மாற்றி வைத்திருந்து, முன்னால் குடித்ததெல்லாம் கழிந்த பிறகுதான் நாங்கள் தொடுவோம். அந்தத் தண்ணீரிலும் குளோரின் இருக்கக் கூடாது. முனிசிபாலிட்டிக் குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றினால் காலையில் எல்லாம் செத்து மிதக்கும். ஒருவருக்கு விட்ட அட்டை அவருக்கு மட்டும்தான். பெயர், தேதி எழுதிய தனி பாட்டில். அல்லது ஒரு தடவையோடு ஸ்பிரிட்டில் போட்டுக் கொன்று மருத்துவக் கழிவோடு அனுப்பிவிட வேண்டும். நவீன மருத்துவமனைகளில் இரண்டாவது வழிதான். வீட்டுக்கு வருகிற அட்டைக்காரர் ஒரே டப்பாவோடு நாலு வீடு போகிறார் என்றால், முந்தின வீட்டுக்காரரின் ரத்தமும் கூடவே வருகிறது. மஞ்சள் காமாலை பி-க்கு அவ்வளவு போதும்.

வீடியோவில் காட்டாத ஒன்று, கசிவு நிற்காதபோது என்ன செய்வது என்பது. தனியாக விட்டுக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: விசைத்தறியில் விரல் துண்டான ஒருவருக்குப் பெரிய ஆஸ்பத்திரியில் ஒட்டவைத்து, அதன்மேல் அட்டை வைத்தார்கள் என்று கேள்விப்பட்டேன். ஆங்கில மருத்துவர்கள் அட்டை வைப்பார்களா? நம்ப முடியவில்லை.
– வாசகி, சோமனூர்

நம்புங்கள். அட்டைக்கு உலகத்தில் எங்கேயாவது சந்தேகத்துக்கு இடமில்லாத மரியாதை இருக்கிறது என்றால் அது பிளாஸ்டிக் சர்ஜரி வார்டில்தான்.

துண்டான விரலை ஒட்டும்போது ரத்தம் கொண்டுவரும் குழாயை மைக்ராஸ்கோப் வழியாகத் தைக்கிறார்கள். அதன் சுவர் கொஞ்சம் கெட்டி, தையல் பிடிக்கும். திருப்பி எடுத்துப் போகும் குழாயோ மெல்லியது, மசிந்துபோகும், சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். ரத்தம் உள்ளே வருகிறது, வெளியே போக வழியில்லை. விரல் உப்பி, ஊதா நிறமாகி, ஊசியால் குத்தினால் கறுப்பாக ரத்தம் வரும். அப்படியே விட்டால் ஒட்டிய விரல் செத்துவிடும். அந்த நேரத்தில் ஓர் அட்டையை வைத்தால் கண்ணெதிரே ஊதா மாறி ரோஸ் நிறம் வரும். சில நாட்களில் உடம்பே புதிதாகச் சிறு குழாய்களை வளர்த்துக்கொள்ளும். அதுவரைக்கும் சில மணி நேரத்துக்கு ஒன்றாக அட்டை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். ரத்தம் ஏற்ற வேண்டிவரும், ஆன்டிபயாடிக்கும் ஓடும். நர்ஸுகள் அட்டையை எண்ணி வைப்பார்கள், எண்ணி எடுப்பார்கள். ஒன்று குறைந்தால் கட்டில் விரிப்பையெல்லாம் உதறித் தேட வேண்டும்!

1960-ல் ஸ்லோவேனியாவைச் சேர்ந்த இரண்டு அறுவை மருத்துவர்கள், தோல் ஒட்டு நீலம் பாய்ந்தபோது அட்டை வைத்துக் காப்பாற்றியதை எழுதினார்கள். உலகம் திரும்பிப் பார்த்தது 1985-ல். அமெரிக்காவில் பாஸ்டன் நகரக் குழந்தைகள் மருத்துவமனையில் ஐந்து வயதுப் பையன் ஒருவனுக்கு, நாய் கடித்துத் துண்டான காதை ஜோசப் அப்டன் என்ற மருத்துவர் ஒட்டினார். காது நீலமாகிக் கைவிட்டுப் போகிற நேரத்தில் அட்டையை வைத்துப் பிழைக்கவைத்தார். 2004-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனமான எஃப்.டி.ஏ. அட்டையை விற்க ஒரு பிரெஞ்சு நிறுவனத்துக்கு அனுமதி கொடுத்தது. மருந்தாக இல்லை, மருத்துவக் கருவியாக. கத்தரி, இடுக்கி வரிசையில் நம் அட்டையும் உட்கார்ந்துகொண்டது.

அந்த ஐரோப்பாவில் ஒரு காலத்தில் அட்டைக்கு வந்த வெறியையும் சொல்ல வேண்டும். பாரிஸில் புரூஸே என்ற மருத்துவர் எந்த நோய்க்கும் அட்டை என்று கிளம்பி, 1833-ல் மட்டும் பிரான்ஸ் நாலு கோடிக்கும் மேல் அட்டைகளை இறக்குமதி செய்ததாகக் கணக்கு இருக்கிறது. காய்ச்சலுக்கு அட்டை, வயிற்றுப்போக்குக்கு அட்டை. அப்படி விட்டதனால்தான் பின்னால் அதன் பெயரே கெட்டு நூறு வருஷம் ஓரங்கட்டப்பட்டது. இப்போது எக்ஸிமாவிலிருந்து சொட்டைத்தலை வரைக்கும் எல்லாவற்றுக்கும் அட்டை என்று போஸ்டர் ஒட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு அந்தப் புரூஸே ஞாபகம்தான் வருகிறது.

கேள்வி: அட்டை கெட்ட ரத்தத்தை மட்டும் குடித்துவிட்டு நல்ல ரத்தம் வந்ததும் விட்டுவிடுமாமே?
– வாசகர், அருப்புக்கோட்டை

பழைய ஆயுர்வேத ஆசிரியர் வாக்படர் அப்படித்தான் எழுதியிருக்கிறார்: தண்ணீரைப் பிரித்துப் பாலைக் குடிக்கும் அன்னம் போல அட்டை கெட்ட ரத்தத்தை முதலில் எடுக்கிறது என்று. அழகான வரி. ஆனால் அட்டைக்கு அந்த ஞானம் கிடையாது, வைத்த இடத்தில் இருப்பதைக் குடிக்கும். தேங்கிய இடத்தில் வைத்தால் முதலில் கறுப்பாகத்தான் வரும், தேக்கம் வடிந்த பிறகு சிவப்பாக வரும். பெரியவர்கள் கண்ணால் கண்டது அதைத்தான். ஆரோக்கியமான கையில் வைத்தாலும் வயிறு நிரம்பக் குடித்துவிட்டுத்தான் விழும்.

கேள்வி: தன் புண்ணில் புழு விட்டுச் சுத்தம் செய்தார்கள் என்று என் மாமா வெளிநாட்டிலிருந்து எழுதியிருக்கிறார். அட்டைக்குப் பதில் புழுவா?
– வாசகி, காரைக்குடி

இரண்டும் வேறு வேறு. அது ஒருவகைப் பச்சை ஈயின் புழு, கிருமி நீக்கி ஆய்வகத்தில் வளர்த்தது. செத்த சதையைக் கரைத்து உறிஞ்சிவிடும், உயிருள்ளதைத் தொடாது. அழுகிய புண்ணைச் சுத்தம் செய்கிற விஷயத்தில் அட்டையைவிட அதற்குத்தான் தகுதி அதிகம். அதற்கும் 2004-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. நம் ஊரில் புண்ணில் தானாக வைக்கிற புழு அந்த ரகம் அல்ல; அது சதையைத் தின்றுகொண்டு உள்ளே போகும். உடனே எடுக்க வேண்டும்.

கேள்வி: எஸ்டேட்டில் வேலை. மழைக்காலத்தில் அட்டை கடிக்காத நாளே இல்லை. இதுவும் வைத்தியம்தான், உடம்புக்கு நல்லது என்று கங்காணி சொல்கிறார். நிஜமா?
– வாசகி, வால்பாறை

உங்கள் கங்காணிக்கு வேலை நடக்க வேண்டும், வேறென்ன! அது தரையட்டை, நாங்கள் விடுவது நீரட்டை. இனமே வேறு. எங்கே கடிக்கும் என்று அதுதான் முடிவு செய்கிறது, நீங்கள் இல்லை. அதை வைத்தியம் என்று சொல்ல முடியாது. நெருப்பு வைத்தோ உப்பைக் கொட்டியோ எடுத்தால் குடித்ததைக் கடிவாயிலேயே கக்கிவிட்டுப் போகும். வாய் ஒட்டியிருக்கிற பக்கத்தில் நகத்தை மெல்லத் தோலோடு நுழைத்து நெம்பினால் விட்டுவிடும். சோப்புப் போட்டுக் கழுவி, பஞ்சு வைத்து அழுத்திக் கட்டுங்கள். சொறியாதீர்கள், எஸ்டேட் பெண்களின் காலில் நான் பார்க்கிற புண்ணில் பல, கடியால் வந்ததைவிடச் சொறிந்து வந்ததுதான். டெட்டனஸ் ஊசி போட்டு நாளாகியிருந்தால் டிஸ்பென்சரியில் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்து நாலு மாதம் ஆகிறது. ரத்தம் உறையாமல் இருக்க இரண்டு மாத்திரை சாப்பிடுகிறார். முழங்கையில் சிராய்த்த புண் சீழ் வைத்திருக்கிறது. அட்டை விடுவதற்காக மாத்திரையை ஒரு வாரம் நிறுத்தச் சொல்கிறார் ஒருவர். நிறுத்தலாமா?
– வாசகர், கும்பகோணம்

நிறுத்தக் கூடாது. ஸ்டென்ட் வைத்த சில மாதங்களிலேயே அந்த மாத்திரைகளை நிறுத்தினால் ஸ்டென்ட்டுக்குள் ரத்தம் உறைந்து மாரடைப்பு வரலாம். மாத்திரையோடு சேர்த்து அட்டை விட்டால் கசிவு நிற்காது. எப்படிப் பார்த்தாலும் அம்மாவுக்கு அட்டை இல்லை. முழங்கைச் சீழுக்குப் பக்கத்து டாக்டரே போதும். சின்னதாகக் கீறி வடியவிட்டு மாத்திரை எழுதித் தருவார். போகும்போது இதய மாத்திரைச் சீட்டையும் கையில் எடுத்துப் போங்கள், அதைப் பார்த்துத்தான் அவர் மருந்து எழுத வேண்டும்.